வேட்டிக்குப் பின்னால் ஒரு பல்ப்

எங்கள் மதினி பத்தமடைப் பாயும் அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமானும் காருகுறிச்சி மண்சட்டியும் வாங்கி வைத்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கிறார். பாளையங்கோட்டை வீட்டின் பின்கட்டுதான் அவருக்குக் கடை, கிட்டங்கி, ஸ்டூடியோ எல்லாம். படங்கள் சரியாக வரவில்லை என்று அவர் புலம்பியபோது நான் செய்த முதல் உதவி, கடையில் இருந்ததிலேயே அதிக வாட் உள்ள எல்.இ.டி. பல்ப் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. சட்டி பளிச்சென்று தெரிந்தது. பக்கத்திலேயே கத்தரியால் வெட்டி ஒட்டியது போல ஒரு கறுப்பு நிழலும் தெரிந்தது. அடுத்து ரிங் லைட் வந்தது. அரக்கு மினுங்கும் செப்பு ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு வெள்ளை வளையம் விழுந்தது. படத்தைப் பார்த்த ஒருவர் அந்த வெள்ளை வளையம் போட்ட செப்புதான் வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

படம் எடுப்பவர்கள் எல்லாரும் ‘மென்மையான வெளிச்சம்’ என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். சிலருக்கு அது மங்கலான வெளிச்சம். சிலருக்கு மஞ்சள் வெளிச்சம். இன்னும் சிலருக்கு அது ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் விலை உயர்ந்த குடையிலிருந்து வருவது. மூன்றுமே தவறு. இது புரியாமல் விளக்கு வாங்கினால் காசு போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டோம்.

உச்சி வெயிலும் சாரல் நாளும்

திருநெல்வேலி, பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 8.7 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் சித்திரை பிறப்பதையொட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது வெளியே நிறுத்தி ஒருவரைப் படம் எடுத்துப் பாருங்கள். புருவத்துக்குக் கீழே கண் இருக்கும் இடத்தில் இரண்டு இருட்டுக் குழிகள் இருக்கும். மூக்கின் நிழல் மீசை போல மேலுதட்டில் விழும். நிழலின் ஓரம் கோடு கிழித்தது போல இருக்கும். இதுதான் கடினமான ஒளி.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையிலிருந்து மேகம் வந்து மூடுகிற நாளில் அதே ஆளை அதே இடத்தில் நிறுத்துங்கள். குற்றாலத்துக்குச் சாரல், நமக்குப் பெரும்பாலும் மேகமும் காற்றும் மட்டும்தான். அதுவே போதும். கண் தெரியும். மூக்கின் நிழல் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இதுதான் மென்மையான ஒளி.

இரண்டு நாளிலும் ஒரே சூரியன்தான். வெயில் நாளில் வானத்தில் ஒரு சின்னப் பொட்டிலிருந்து ஒளி வந்தது. மேக நாளில் அந்தப் பொட்டின் ஒளி மேகம் முழுக்கச் சிதறி, வானம் மொத்தமும் ஒரே விளக்காகிவிட்டது. ஒளி புறப்பட்டு வரும் பரப்பை ஒளிமூலம் என்று சொல்வோம். ஒளிமூலம் பெரிதானது; ஒளி மென்மையானது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால்தான் வீட்டில் அதைச் செய்துகொள்ள முடியும்.

எறும்பின் கண்ணால் பார்த்தால்

பாயின் மேல் ஒரு மண்சட்டி. ஒரு பக்கம் ஜன்னல். மறுபக்கம் சட்டியின் நிழல். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் ஓர் எறும்பு நடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நடந்துகொண்டே ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறது.

முதலில் அதற்கு ஜன்னல் முழுவதும் தெரிகிறது. அது நிற்கும் இடம் முழு வெளிச்சம். கொஞ்சம் நடந்ததும் சட்டி குறுக்கே வந்து ஜன்னலில் கால்வாசியை மறைக்கிறது. அங்கே வெளிச்சம் கால்வாசி குறைவு. இன்னும் நடந்தால் பாதி, பிறகு முக்கால். கடைசியில் ஜன்னலே தெரியவில்லை; அங்கே முழு நிழல். இடையில் எறும்பு நடந்த, ஜன்னல் அரைகுறையாகத் தெரிந்த அந்தத் தூரத்துக்குப் புறநிழல் என்று பெயர். கிரகணப் பாடத்தில் நாம் படித்த அதே சொல்தான். புறநிழல் அகலமாக இருந்தால் நிழல் கரைந்து முடிவது போலத் தெரியும். அதைத்தான் மென்மை என்கிறோம்.

இப்போது ஜன்னலை மூடிவிட்டு, அதே இடத்தில் ஒரு சிறிய பல்பைத் தொங்கவிடுங்கள். எறும்புக்குப் பல்ப் தெரிகிறது, தெரிகிறது, இரண்டு அடி எடுத்து வைத்ததும் தெரியவில்லை. புறநிழல் மிகவும் ஒடுங்கிவிட்டது. அதனால்தான் ஓரம் வெட்டினாற்போல இருக்கிறது.

கணக்கும் எளிது. ஒரு மீட்டர் அகல ஜன்னல், சட்டியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. சட்டியின் விளிம்புக்கும் அதன் நிழல் விழும் இடத்துக்கும் நடுவே 10 சென்டிமீட்டர். புறநிழலின் அகலமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வரும். அதே தூரத்தில் 6 சென்டிமீட்டர் பல்ப் இருந்தால் 6 மில்லிமீட்டர்தான்.

108

சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். அவ்வளவு பெரிய ஒளிமூலம் ஏன் கடினமான ஒளியைத் தருகிறது? ஏனென்றால் அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் விட்டத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு தூரம். (ஜபமாலை உருட்டுகிறவர்கள் இந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்துகொள்ளலாம்.) பொருளின் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. இதைத் தோற்ற அளவு என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 108-ஐ வைத்து வீட்டிலேயே ஒன்றைச் சரிபார்க்கலாம். 6 சென்டிமீட்டர் பல்பை ஆறரை மீட்டர் தள்ளி வைத்தால், பாயில் கிடக்கும் பொருளுக்கு அது சூரியன் அளவுக்குத்தான் தெரியும். நிழலும் சித்திரை வெயிலின் நிழல் போலவே இருக்கும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட் பாக்ஸை (உள்ளே விளக்கு, முகப்பில் வெள்ளைத் துணி உள்ள பெட்டி) கூடத்தின் மூலையில் நிறுத்திவிட்டு, எதிர் மூலையில் ஆளை உட்கார வைத்துப் படம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டி பெரிதுதான், ஆளுக்கு அது தீப்பெட்டியாகத் தெரிகிறது. கிட்டே நகர்த்த ஒரு பைசா செலவு இல்லை.

இதுவரை வந்ததை இரண்டு வரியில் சொன்னால்: நிழலின் ஓரத்தை முடிவு செய்வது விளக்கின் தோற்ற அளவு. அதைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒளிமூலத்தைப் பெரிதாக்கலாம், அல்லது கிட்டே கொண்டுவரலாம்.

மங்கல் வேறு, மென்மை வேறு

குழப்பம் எங்கே பிறக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், மேக நாளில்தான் என்று தோன்றுகிறது. மேகம் மூடினால் வெளிச்சம் மென்மையாகவும் ஆகிறது, கூடவே குறைந்தும் போகிறது. இரண்டும் சேர்ந்தே வருவதால், குறைந்ததால்தான் மென்மை வந்தது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

முடிச்சை அவிழ்க்கப் பௌர்ணமி இரவு ஒன்று போதும். முழுநிலவின் வெளிச்சம் வெயிலை விட ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு குறைவு. மங்கலே மென்மை என்றால் நிலா வெளிச்சத்தில் நிழலே விழக்கூடாது. ஆனால் முற்றத்தில் விழும் தென்னங்கீற்றின் நிழலைப் பாருங்கள். ஓலை ஓலையாக எண்ணிவிடலாம். வானத்தில் நிலவும் சூரியனும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரிகின்றன. அதனால் நிழலின் கூர்மையும் ஒன்றுதான்.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். பல்புக்கு முன்னால் கொசுவலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டேன். வெளிச்சம் குறைந்தது, நிழல் அசையவில்லை. வலையின் நூல் ஒளியில் கொஞ்சத்தைத் தடுக்கிறது; கண்ணிகளுக்குள் நுழைந்த மிச்சம் வளையாமல் நேரே போய்விடுகிறது. எறும்பு பார்த்தால் வலைக்குப் பின்னால் அதே சின்னப் பல்ப்தான் தெரியும். துணியோ பட்டர் பேப்பரோ அப்படி இல்லை. அதில் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி, துணியே ஒளிர்கிறது. எறும்புக்கு இப்போது பல்ப் தெரியாது. வெளிச்சமான துணி தெரியும். ஒளியைச் சிதறச் செய்யும் இப்படிப்பட்ட திரையைப் பரப்பி என்று அழைக்கலாம்.

வேட்டி கட்டுவது எப்படி

நான்கு முழ வேட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் அகலம், இரண்டு மீட்டரை ஒட்டிய நீளம். இவ்வளவு பெரிய சாஃப்ட் பாக்ஸ் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்தால் வேட்டியின் மேல் மரியாதை கூடும். அதைத் துணி காயப்போடும் கொடியில் சுருக்கம் இல்லாமல் தொங்கவிட வேண்டும். கீழே இரண்டு கிளிப்பும் ஒரு கம்பும் போதும். சொட்டு நீலம் தாராளமாகப் போட்ட வேட்டி என்றால் படம் சற்று நீலம் பாயும். பழைய, நிறம் ஒடுங்கிய பருத்தி வேட்டி நல்லது.

அதற்குப் பின்னால் 20 வாட் எல்.இ.டி. பல்ப் இரண்டு. இங்கே ஒரு சொல் விளக்கம் வேண்டும். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் ஒளியின் அளவு லூமென். பழைய 60 வாட் குண்டு பல்ப் தந்த ஒளியை இன்று 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். எனவே பெட்டியில் லூமென் எண்ணைப் பாருங்கள். வேட்டி பாதிக்கு மேல் ஒளியை விழுங்கிவிடும் என்பதால்தான் பெரிய பல்ப்; மென்மைக்கும் அதற்கும் உறவு இல்லை. ஒளி போதாமல் போனால் போன் தன் பங்குக்கு உணர்திறனை ஏற்றிக்கொண்டு படத்தில் மணல் தூவும். அதைத் தவிர்க்கத்தான் இந்த வாட் எல்லாம்.

பலர் சறுக்கும் இடம் அடுத்தது. பல்பைத் துணியோடு ஒட்டி வைத்தால் வேட்டியின் நடுவில் ஒரு தட்டு அளவுக்கு மட்டும் ஒளிரும். அப்போது உங்கள் ஒளிமூலம் அந்தத் தட்டுதான். மீதி வேட்டி சும்மா தொங்குகிறது. பல்பை இரண்டடி, மூன்றடி பின்னால் இழுத்து, துணி முழுவதும் ஒரே சீராக ஒளிர்கிறதா என்று எதிரே வந்து நின்று பாருங்கள். பொருளை மட்டும் வேட்டிக்கு எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள், வேட்டி படத்துக்குள் வராத அளவுக்கு.

பொருளின் மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலுக்குள் போய் விழுந்து அதன் கறுப்பைக் குறைக்கும். அட்டையைக் கிட்டே நகர்த்தினால் நிழல் வெளிறும், தள்ளினால் அடர்த்தியாகும். நிழலே ஆழமாக வேண்டும் என்றால் தெர்மோகோலுக்குப் பதில் கறுப்புச் சார்ட் அட்டை. பல்ப், ஹோல்டர், ஒயர், அட்டை என்று எங்களுக்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள். ஒரே ஓர் எச்சரிக்கை: பழைய ஹாலோஜன் விளக்கு வீட்டில் கிடக்கிறதே என்று அதை வேட்டிக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள். அது தோசைக்கல்லாகக் காயும். துணியும் தெர்மோகோலும் தீப்பிடிக்கிற சாமான்.

துணிகூட வேண்டாம் என்றால், பல்பை வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். சுவர் ஒளிமூலம் ஆகிவிடும். ஆனால் சுவர் உண்மையிலேயே வெள்ளையாக இருக்க வேண்டும். எங்கள் பின்கட்டுச் சுவர் இளம்பச்சை; அதில் பட்டு வந்த ஒளியில் மண்சட்டி பாசி படிந்தது போலத் தெரிந்தது.

ஒரு கரண்டி மாவு

தூரம் மென்மையை மட்டும் மாற்றுவதில்லை, வெளிச்சத்தின் அளவையும் மாற்றுகிறது. ஒரு கரண்டி மாவில் தோசை ஊற்றுகிறீர்கள். அதே மாவை இரண்டு மடங்கு அகலத்துக்கு இழுத்தால் பரப்பு நான்கு மடங்காகும். கனம் நான்கில் ஒன்றாகும். பல்பின் ஒளியும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதற்கு எதிர்த்தகவு இருமடி விதி என்று பெயர். வேட்டி போன்ற பெரிய ஒளிமூலத்துக்கு மிக அருகில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குறைவது சற்று நிதானமாக இருக்கும்.

இதில் காசில்லாத ஒரு வித்தை இருக்கிறது. பல்பிலிருந்து அரை மீட்டரில் சட்டி, இரண்டு மீட்டரில் பின்சுவர். சுவருக்குப் போகும் வெளிச்சம் சட்டிக்குப் போவதில் பதினாறில் ஒரு பங்கு. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டால் அந்தப் பச்சைச் சுவர் படத்தில் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். பின்திரை வாங்க வேண்டியதில்லை.

வடக்கு ஜன்னல் என்ற வேதம்

விளக்கே வேண்டாம், வடக்குப் பார்த்த ஜன்னல் போதும் என்று ஓர் அறிவுரை உண்டு. அது ஐரோப்பிய ஓவியர்களின் பட்டறையிலிருந்து வந்தது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்தே இருக்கும். வடக்கு ஜன்னலில் வானத்தின் பரந்த ஒளி மட்டும்தான் வரும். நம் ஊருக்கு அது பாதிதான் பொருந்தும். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணிப் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. உச்சியை ஒட்டி நிற்பதால் நண்பகல் வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும்தான் சாய்ந்த கதிர் வடக்கு ஜன்னலுக்குள் நுழையும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கும் ஒரு வேட்டி கட்டுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை வடக்கு ஜன்னல் உண்மையிலேயே வேதம்தான்.

நிறம்

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். அந்தச் சூட்டின் கணக்கை வைத்தே ஒளியின் நிறத்துக்கும் ஓர் எண் தருகிறார்கள். அதுதான் நிறவெப்பநிலை, அலகு கெல்வின். அகல்விளக்கு 1,900-ஐ ஒட்டி, மஞ்சள் எல்.இ.டி. 2,700 அல்லது 3,000, கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. 6,500. எண் ஏறினால் நீலம் ஏறும். எந்த எண் நல்லது என்று கேட்கிறார்கள். எதுவும் நல்லதுதான், ஒன்றாக இருக்கும் வரை. ஜன்னல் ஒளியும் மஞ்சள் பல்பும் கலந்தால் சட்டியின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். கேமரா இரண்டில் ஒன்றைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு பல்பும் ஒரே வகையாக இருக்கட்டும், மற்றதை அணைத்துவிடுங்கள்.

பல்ப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண்ணும் சில சமயம் இருக்கும். அந்த விளக்கின் ஒளியில் பொருளின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரிகிறது என்பதற்கு 100-க்குப் போட்ட மதிப்பெண் அது. சாதாரணப் பல்ப் 80-ஐ ஒட்டி இருக்கும். காருகுறிச்சி மண்ணின் சிவப்பும் அரக்கின் சிவப்பும் அதில் செத்துத்தான் தெரியும். 90-க்கு மேல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

வீடியோ எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் அது பல்பின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. மலிவான விளக்குகள் சுற்றுக்கு இரண்டு முறையாக நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை மறைந்துவிடும்.

பாய்க்கும் அல்வாவுக்கும் வேறு நியாயம்

இவ்வளவு பாடுபட்டு மென்மையான ஒளியைக் கொண்டுவந்து, பத்தமடைப் பாயை அதில் விரித்தோம். பாய் பிளாஸ்டிக் விரிப்பு போலத் தெரிந்தது! கோரையின் நெசவு தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு இழைக்கும் ஒரு மெல்லிய நிழல் வேண்டும். நாங்கள் அந்த நிழலைத்தான் கஷ்டப்பட்டுக் கரைத்திருந்தோம். வேட்டியைக் கழற்றிவிட்டு, வெறும் பல்பைப் பாயின் மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் தள்ளி வைத்தோம். ஒளி பாயைத் தடவிக்கொண்டு போனது. இழை இழையாக எழுந்து நின்றது. மண்சட்டிக்கு வேட்டி, பாய்க்கு வெறும் பல்ப் என்று மதினி சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

பளபளப்பவை மூன்றாவது ஜாதி. அல்வா விற்க இருட்டுக்கடை போதும் என்பதை நெல்லையப்பர் கோவில் எதிரே ஊரே கண்டிருக்கிறது. அல்வாவைப் படம் எடுக்க இருட்டு உதவாது. நெய் வழியும் அல்வாவும் அரக்குச் செப்பும் பித்தளைக் குத்துவிளக்கும் ஓரளவுக்குக் கண்ணாடி மாதிரி. ஒளி எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் எகிறிப் போகும். ஆகவே அவற்றில் நாம் காணும் பளபளப்பு ஒளிமூலத்தின் பிம்பமே. பல்ப் என்றால் புள்ளி, ரிங் லைட் என்றால் வளையம், வேட்டி என்றால் அகலமான வெண்பட்டை. அல்வாவுக்கு வேட்டியைப் பக்கத்திலிருந்து சற்றுப் பின்னால் நகர்த்தினால் அந்தப் பட்டை விளிம்போடு வழிந்து, தட்டில் இருப்பது இப்போதுதான் கிண்டி இறக்கியது போலத் தெரிகிறது.

பித்தளைச் செம்பை எடுத்தபோது மட்டும் அதன் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு ஓடியது. செம்பைத் துடைத்தோம், லென்ஸைத் துடைத்தோம், போகவில்லை. அது வேட்டியின் மயில்கண் கரை. கரையை உள்பக்கமாக மடித்துக் குண்டூசி குத்தினோம்; கோடு போய்விட்டது. வேட்டி அண்ணனுடையது. குண்டூசி இருப்பதைப் பார்த்துவிட்டுக் கட்டும்படி அவரிடம் சொல்ல வேண்டும்.